நிதானமும் நிஃமத்தும்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழுகைக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளை ஹஸன் (ரலி) அவர்களா, ஹுஸைன் (ரலி) அவர்களா என்பதை அறிவிப்பாளர் உறுதியாகச் சொல்லவில்லை. பிள்ளையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தக்பீர் கட்டினார்கள். தொழுகையின் நடுவே ஒரு ஸுஜூது வழக்கத்திற்கு மாறாக நீண்டுகொண்டே போயிற்று. பின்னால் தொழுதுகொண்டிருந்த ஷத்தாத் இப்னுல் ஹாத் (ரலி) அவர்கள் தலையை உயர்த்திப் பார்த்தார்கள். பிள்ளை பெருமானாரின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கிறது. பெருமானாரோ ஸுஜூதிலேயே இருக்கிறார்கள். அதைக் கண்ட ஷத்தாத் (ரலி) அவர்கள் மீண்டும் ஸுஜூதுக்குத் திரும்பிவிட்டார்கள். தொழுகை முடிந்ததும் மக்கள், ஏதேனும் நேர்ந்துவிட்டதோ, வஹீ இறங்கியதோ என்று தாங்கள் எண்ணியதாகக் கூறினர். அவை ஒன்றும் நிகழவில்லை என்றும், தம் மகன் தம்மீது ஏறிக்கொண்டதாகவும், அவன் ஆசை தீருமுன் அவனை அவசரப்படுத்தத் தமக்கு விருப்பமில்லை என்றும் பெருமானார் விடையளித்தார்கள். இது நஸாயீயில் வரும் ஹதீஸ்.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதும்போது, தொழுபவர் மீது பிள்ளை ஏறினால் தொழுகை கூடுமா, ஒரு காரணத்திற்காக ஸுஜூதை நீட்டலாமா என்ற மஸ்அலாக்களே முதலில் பேசப்படும். அவை தேவையானவையே. ஆயினும் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இதில் உண்டு. பிள்ளையை அவசரப்படுத்த விருப்பமில்லை என்பதே அது. இதைச் சொன்னவர்கள் யார்? வேலையற்று வீட்டில் இருந்த பாட்டனாரா? வஹீயைச் சுமந்தவர்கள், வழக்குகளுக்குத் தீர்ப்பளித்தவர்கள், படை நடத்தியவர்கள், தூதுக் குழுக்களை வரவேற்றவர்கள், திண்ணைத் தோழர்களின் பசியைக் கவனித்தவர்கள். மதீனா நகரில் அவர்களைவிட அதிக வேலையுடையவர் ஒருவர் இருந்திருக்க முடியாது. அத்தகையவர்கள் ஒரு குழந்தையின் விளையாட்டுக்காக ஒரு ஜமாஅத்தையே காத்திருக்கச் செய்தார்கள்.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். ஸுப்ஹு தொழுது முஸல்லாவை மடித்த கணம் முதல் வீட்டில் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. அடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பள்ளிக்கூட வேன் வந்துவிடும் என்ற பதற்றம். வாப்பாவுக்குக் கடைச் சாவியைத் தேடும் அவசரம். இவற்றுக்கிடையே கைப்பேசியின் அழைப்பு. பிள்ளையிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறோம், அது வாய் திறக்குமுன் நாம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறோம். மக்தபுக்கு ஓத வரும் சிறுவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பலர் சற்று யோசித்த பிறகே பதில் சொல்கிறார்கள். உண்டு அரை மணி நேரம்கூட ஆகியிராது. நாக்கு ருசித்தது, மனம் அங்கே இல்லை. பெரியவர்களிடம் கேட்டாலும் இதே கதைதான்.

மனிதன் அவசரத்தினாலேயே படைக்கப்பட்டவன் என்ற கருத்தில் அல்லாஹுதஆலா அன்பியா ஸூராவில் (21:37) கூறுகிறான். பனீ இஸ்ராயீல் ஸூராவிலும் (17:11) மனிதன் அவசரக்காரனாகவே இருக்கிறான் என்று வருகிறது. ஆகவே அவசரம் இந்தக் காலத்தின் பேருந்தும் தொலைபேசியும் புதிதாகக் கொண்டுவந்த நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ஒட்டகத்தில் சென்றவர்களுக்கும் அது இருந்தது. அது நம் சுபாவத்தில் கலந்திருப்பதனால்தான், ஷரீஅத் அதற்குக் கடிவாளம் இட்டிருக்கிறது.

வேலை செய்யாதே, கடையைப் பூட்டிவிட்டு மூலையில் உட்கார் என்று மார்க்கம் சொல்லவில்லை. ஜுமுஆ ஸூராவை எடுத்துப் பாருங்கள். ஜுமுஆவின் பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லும் இறைவன், அடுத்த ஆயத்திலேயே (62:10) தொழுகை முடிந்ததும் பூமியில் பரந்து சென்று தன் அருளைத் தேடுமாறும், தன்னை அதிகமாக திக்ரு செய்யுமாறும் ஏவுகிறான். தேடச் சொன்ன அதே மூச்சில் நினைக்கவும் சொல்கிறான். சம்பாதிக்கும் ஓட்டத்துக்குள்ளேயே நினைவுக்கும் இடம் வைத்தாக வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

வியாபாரிகள் உன்னிப்பாகக் கேட்க வேண்டிய ஹதீஸ் ஒன்று உண்டு. ஆரோக்கியம், ஓய்வு என்ற இரண்டு நிஃமத்துகளில் மக்களில் அநேகர் ஏமாந்துபோகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் வருகிறது. ஏமாந்தவர் என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல் ‘மஃக்பூன்’. அது கடைத்தெருவின் சொல். விலைமதிப்புள்ள சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வருபவனுக்கே அப்பெயர். அவனிடம் யாரும் பிடுங்கவில்லை; தன் கையிலிருந்த பொருளின் மதிப்பை அவனே அறியவில்லை.

தொழுகையிலேயே ஒரு நிறுத்தம்

ஷரீஅத் இட்ட கடிவாளங்களில் தலையாயது தொழுகைக்குள் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் இருந்தபோது ஒருவர் வந்து தொழுதார். தொழுதுவிட்டு வந்து ஸலாம் உரைத்தார். பதில் ஸலாம் கூறிய பெருமானார், திரும்பிப் போய்த் தொழுமாறும், அவர் தொழவே இல்லை என்றும் சொன்னார்கள். அவர் மறுபடி தொழுதார். மறுபடியும் அதே பதில். மூன்று முறை இவ்வாறு நடந்தபின் அவர், தமக்கு இதைவிட நன்றாகத் தொழத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று வேண்டினார். தக்பீர் கூறி, குர்ஆனில் இயன்றதை ஓதி, ருகூஉவில் உறுப்புகள் அமைதி பெறும்வரை குனிந்து, நேராக நிமிர்ந்து நின்று, ஸுஜூதில் அமைதி பெறும்வரை இருந்து, பிறகு அமைதியாக உட்காரும்படி அவருக்குக் கற்பித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

அவர் ஓதாமல் விட்டதாக இந்த ஹதீஸில் இல்லை. ருகூஉவை விட்டதாகவும் இல்லை. கற்பித்த முறையைப் பார்த்தால் ஒவ்வொரு நிலையிலும் ‘அமைதி பெறும்வரை’ என்ற நிபந்தனையே திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கே ‘துமஃனீனத்’ என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் ருகூஉ, இஃதிதால், இரு ஸுஜூதுகள், அவற்றுக்கு இடைப்பட்ட சிறு இருப்பு ஆகியவற்றில் துமஃனீனத் பர்ளாகும். வேண்டுமென்றே விட்டால் தொழுகை கூடாது. ஹனஃபி மத்ஹபில் அது வாஜிபு. மறதியால் விட்டவர் ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டும், வேண்டுமென்று விட்டவர் தொழுகையை மீட்டித் தொழ வேண்டும். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் அதைப் பர்ளு என்றே கூறுகிறார்கள். எவ்வளவு நேரம் அது? உறுப்புகள் அசைவு நின்று தத்தம் இடத்தில் நிலைபெற வேண்டும். ஒரு தடவை ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் நேரம். அவ்வளவுதான்! எந்தக் கடையும் அதனால் நஷ்டப்படாது.

ஆனாலும் அந்தச் சிறு நேரத்தைத்தான் நாம் தர மறுக்கிறோம். ருகூஉவிலிருந்து எழுபவர் முதுகு நிமிருமுன்னரே ஸுஜூதுக்குச் சரிகிறார். முதல் ஸுஜூதிலிருந்து தலையைத் தூக்கியவர், உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாதபடி மறுபடி தலையை வைக்கிறார். காகம் கொத்துவதைப் போலத் தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது அபூதாவூதில் உள்ளது. ரமளானில் தராவீஹ் நடக்கும் சில இடங்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. எந்தப் பள்ளியில் சீக்கிரம் முடிகிறது என்று விசாரித்துக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. இருபது ரக்அத்தும் தொழுதாயிற்று என்ற திருப்தியுடன் வீடு திரும்புகிறவருக்கு, அவற்றுள் எத்தனை ரக்அத் கூடியது என்று கேட்டால் கோபம் வரும். கேட்காமல் இருப்பதும் முறையல்லவே!

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவசரமாகத் துரிதப்படும் இந்த இரு இடங்களிலும் நாம் சொல்வது என்ன? இஃதிதாலில் ‘ரப்பனா லகல் ஹம்து’ என்று இறைவனுக்குப் புகழ் கூறுகிறோம். நன்றி சொல்லும் இடம் அது. இரு ஸுஜூதுகளுக்கு நடுவே உட்கார்ந்து மன்னிப்பையும், ரஹ்மத்தையும், நேர்வழியையும், ஆஃபியத்தையும், ரிஸ்கையும் கேட்கிறோம். ரிஸ்கைக் கேட்க வேண்டிய இருப்பை விழுங்கிவிட்டு, ரிஸ்கைத் தேடிக் கடைக்கு ஓடுபவரைப் பற்றி என்ன சொல்வது?

தொழுகைக்கு வரும் வழியிலும் இதே கட்டளைதான். இமாம் ருகூஉவுக்குப் போய்விட்டார் என்று கண்டால், ஹவுளிலிருந்து ஈரக் காலுடன் தடதடவென்று ஓடிவருவோர் எல்லா ஊரிலும் உண்டு. பெருமானார் தொழவைத்துக் கொண்டிருந்தபோது ஒரு சமயம் இப்படிப்பட்ட சப்தம் கேட்டது. தொழுகை முடிந்ததும் விசாரித்தார்கள். தொழுகையைப் பிடிக்க விரைந்து வந்தோம் என்றனர். அவ்வாறு செய்யாதீர்கள், அமைதியாக வாருங்கள்; கிடைத்ததைத் தொழுது, தவறியதைப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். அபூகதாதா (ரலி) அறிவிக்கும் இது புகாரியில் இருக்கிறது. தொழுகையை நோக்கி ஓடுவதற்கே அனுமதி இல்லையென்றால், மற்றவற்றை நோக்கி நாம் ஓடும் ஓட்டத்தை என்னவென்பது?

சோறும் தண்ணீரும்

இரவு உணவு வைக்கப்பட்டிருக்கும்போது இகாமத் சொல்லப்பட்டால் முதலில் உணவை உண்ணுமாறும், முடிக்கும்வரை அவசரப்பட வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை அறிவித்ததோடு நிற்கவில்லை. இமாம் ஓதும் சப்தம் காதில் விழுந்துகொண்டிருக்க, உண்டு முடித்த பிறகே தொழுகைக்குச் செல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. ஸுன்னத்துகளைப் பின்பற்றுவதில் அத்தனை பேணுதல் உள்ள ஸஹாபி அவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். உணவின் மீது நாட்டம் இருக்கும்போது தொழுவதை ஃபுகஹாக்கள் மக்ரூஹ் என்று எழுதியிருக்கிறார்கள். வக்து தவறிப்போகும் அச்சம் இருந்தால் மட்டும் தொழுகையே முந்தும். (இதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் பாங்கு நேரத்தில் தட்டை விரிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்காகச் சொல்லப்படவில்லை.)

சோற்றுக்கு முன்னால் இருப்பவனின் உள்ளம் சோற்றிலும், தொழுகையில் நிற்பவனின் உள்ளம் தொழுகையிலும் இருக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் விருப்பம். நாமோ தொழுகையில் சோற்றை நினைக்கிறோம். சோற்றுக்கு முன்னால் கடையை நினைக்கிறோம். கடையில் வீட்டை நினைக்கிறோம்.

ஒரு கவளம் சோறு என்றால் என்னவென்று ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் விளக்கியிருக்கிறார்கள். அவர்கள் ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-ஆம் ஆண்டில் வஃபாத்தானவர்கள். இஹ்யாவின் நான்காம் பகுதியில் ஸப்ரு, ஷுக்ரு பற்றிய பாடத்தில் ஒரு கவளத்தைக் கையில் எடுத்து ஆராய்கிறார்கள். தானியம் முளைக்க மண்ணும் மழையும் காற்றும் வெயிலும் வேண்டும். விளைந்ததை ஊர் விட்டு ஊர் கொண்டுவரக் கடலையும் பாலையையும் கடக்கும் வியாபாரிகள் வேண்டும். மாவாக்குபவர், சுடுபவர், அவர்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் கொல்லர், தச்சர் எல்லாரும் வேண்டும். பிறகு அது வாய்க்குள் போகிறது. அங்கே பற்களைப் பற்றி ஒரு நுட்பம் சொல்கிறார்கள். மனிதன் செய்யும் திரிகையில் கீழ்க்கல் நிலையாக இருக்க மேற்கல்தான் சுழலும். இறைவன் வாயில் அமைத்த திரிகையிலோ மேலே உள்ளது நிலையாக இருக்கக் கீழே உள்ளது அசைகிறது! நாளைக்கு இட்லியோ இடியாப்பமோ சாப்பிடும்போது இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவதும், அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பதும் வெறும் வாய்ப்பழக்கமாக இராது. ஒரு கவளத்தை உண்டு அதற்காகப் புகழும் அடியானையும், ஒரு மிடறு பருகி அதற்காகப் புகழும் அடியானையும் அல்லாஹ் பொருந்திக்கொள்கிறான் என்று முஸ்லிமில் ஹதீஸ் வந்திருக்கிறது.

தண்ணீரைப் பெருமானார் மூன்று மூச்சில் அருந்துவார்கள். அதுவே தாகத்தை நன்கு தணிப்பது, நலம் தருவது, இனிதாக இறங்குவது என்றும் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மூச்சைப் பாத்திரத்துக்குள் விடக்கூடாது. வாயிலிருந்து பாத்திரத்தை விலக்கிக்கொண்டு மூச்சு விட வேண்டும். ஆகவே ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு இடங்களில் நின்றாக வேண்டியிருக்கிறது. வெயிலில் வந்து கூஜாவை அண்ணாந்து கவிழ்த்துக்கொள்பவருக்கு இந்த இரண்டு நிறுத்தங்களும் கிடைப்பதில்லை. இப்னுஸ் ஸம்மாக் (ரஹ்) என்ற பெரியார் ஒரு கலீஃபாவிடம் சென்றபோது, கலீஃபாவின் கையில் தண்ணீர்க் குவளை இருந்ததாம். உபதேசம் கேட்ட கலீஃபாவிடம், இந்தத் தண்ணீர் மறுக்கப்பட்டுத் தாகத்தால் தவிக்கும் நிலையில் செல்வம் முழுவதையும் கேட்டால் கொடுப்பீர்களா என்றார்கள். கொடுப்பேன் என்றார். ஆட்சியையே கேட்டால்? அதையும் கொடுப்பேன் என்றார். அப்படியானால் ஒரு மிடறு தண்ணீருக்கு ஈடாகாத ஆட்சியைக் கொண்டு மகிழ வேண்டாம் என்று உபதேசித்தார்கள். இதையும் கஸ்ஸாலி இமாம் அதே பாடத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். நாம் ஒரு நாளில் எத்தனை ஆட்சிகளைக் குடித்துத் தீர்க்கிறோம்!

இனி, என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த ஹதீஸுக்கு வருகிறேன். ஒரு பகலிலோ இரவிலோ பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது அபூபக்ரு (ரலி), உமர் (ரலி) இருவரையும் கண்டார்கள். இந்நேரத்தில் வீட்டை விட்டு வரக் காரணம் என்ன என்று கேட்டார்கள். பசி என்றனர் இருவரும். தம்மை வெளியே வரவழைத்ததும் அதுவே என்றார்கள் பெருமானார். மூவரும் அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் வீட்டில் இல்லை. நல்ல தண்ணீர் எடுத்துவரப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி வரவேற்றுச் சொன்னார். சிறிது நேரத்தில் வந்த அந்த அன்ஸாரி, வாசலில் இருப்பவர்களைப் பார்த்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி, இன்று என்னைவிடக் கண்ணியமான விருந்தாளிகளைப் பெற்றவர் எவருமில்லை என்று பூரித்தார். காயும் செங்காயும் கனியும் கலந்த பேரீச்சங்குலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கத்தியை எடுத்தார், பால் கறக்கும் ஆட்டை அறுத்துவிட வேண்டாம் என்று பெருமானார் எச்சரித்தார்கள். வேறோர் ஆட்டை அறுத்து விருந்து வைத்தார். உண்டு, பருகி, பசி தீர்ந்தபின் பெருமானார் தம் இரு தோழர்களிடமும், கியாமத்து நாளில் இந்த நிஃமத்தைப் பற்றி நிச்சயமாக விசாரிக்கப்படுவீர்கள் என்றார்கள். பசியோடு வீட்டைவிட்டு வந்தீர்கள், இந்த நிஃமத்தைப் பெறாமல் திரும்பவில்லை என்றும் நினைவூட்டினார்கள். (முஸ்லிம்)

பசித்து வந்தவர்களுக்கு ஒரு வேளை உணவு. அதற்கும் கணக்கு உண்டு! தகாஸுர் ஸூராவின் (102) கடைசி ஆயத்தில் அந்த நாளில் நிஃமத்துகளைப் பற்றிக் கேட்கப்படும் என்று வருகிறதே, அந்தக் கேள்வி அபூபக்ருக்கும் உமருக்குமே உண்டு என்றால், மூன்று வேளையும் உண்டு, இடையில் தேநீரும் பலகாரமும் கண்ட நமக்கு எத்தனை கேள்விகள் இருக்கும்? கணக்குக் கேட்கும்போது, வாங்கியதைத் தவறாகச் செலவு செய்தவனுக்கு ஒரு சங்கடம். வாங்கியதே நினைவில்லாதவனுக்கு அதைவிடப் பெரிய சங்கடம். அவசரக்காரனின் நிலை இரண்டாவது. உண்ணும் அந்தப் பத்து நிமிடமும் அவன் அங்கே இருந்ததில்லை. ஷுக்ரு என்பது அறிவு, நிலை, செயல் என்ற மூன்றால் ஆனது என்று கஸ்ஸாலி இமாம் பிரிக்கிறார்கள். இது இறைவன் தந்த நிஃமத் என்று முதலில் அறிய வேண்டும். அதனால் உள்ளத்தில் மகிழ்ச்சி பிறக்க வேண்டும். பிறகுதான் நாவும் உறுப்புகளும் நன்றி செய்யும். அறியாத பொருளுக்கு எவரும் மகிழ முடியாது. அறிவதற்குச் சற்று நிற்க வேண்டும்.

மழையும் முதற்கனியும்

சின்னஞ்சிறு நிகழ்ச்சிகளைப் பெருமானார் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை ஹதீஸ் கிதாபுகளில் தேடிப் பார்ப்பது இன்பமான வேலை. ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. பெருமானார் தம் ஆடையைச் சிறிது விலக்கி, மழைத்துளிகள் மேனியில் படுமாறு நின்றார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வருகிறது என்று விடை சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் கண்டு அறிவித்தது இது, முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழை வந்தால் துணி நனைகிறதே, வியாபாரம் கெடுகிறதே என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. துணியை எடுக்கத்தான் வேண்டும். எடுத்து வரும்போது இரண்டு துளியைக் கையில் ஏந்தினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

பருவத்தின் முதற்கனியை மதீனாவாசிகள் பெருமானாரிடம் கொண்டுவருவார்கள். அதைக் கையில் வாங்கி, எங்கள் கனிகளிலும், ஊரிலும், அளவைகளிலும் பரக்கத் செய்வாயாக என்று துஆ செய்துவிட்டு, அங்கே இருப்பவர்களில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அந்தக் கனியைக் கொடுத்துவிடுவார்கள். இதுவும் முஸ்லிமில்தான். நம் வீட்டு மாமரமோ கொய்யாவோ முதலில் காய்க்கும்போது இந்த ஸுன்னத்தைச் செய்து பாருங்கள். மரம் இல்லாதவர்கள், பருவத்தில் முதல் முறையாக வாங்கிவரும் பழத்தைக்கொண்டும் பிள்ளைகளை இவ்வாறு மகிழ்விக்கலாம்.

ஸுப்ஹு தொழுத இடத்திலேயே சூரியன் நன்கு உதிக்கும்வரை பெருமானார் அமர்ந்திருப்பார்கள் என்று ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) கூறுகிறார்கள். அந்த நேரத்தில் திக்ரு மட்டும்தான் நடந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸஹாபாக்கள் அறியாமைக் காலத்துப் பழைய கதைகளைப் பேசிச் சிரிப்பார்களாம்; பெருமானார் புன்முறுவல் பூப்பார்களாம். மார்க்கப் பற்று என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பது என்று எண்ணுவோர் இந்த ஹதீஸை நிதானமாகப் படிக்கட்டும்.

வீட்டாரின் பங்கு

ஒரு பெருநாள் அன்று ஹபஷிகள் பள்ளியில் ஈட்டி விளையாட்டு நடத்தினார்கள். அதைப் பார்க்க ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஆசைப்பட்டார்கள். பெருமானார் அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்கவைத்து மறைத்துக்கொண்டு, அவர்களாகவே சலித்துத் திரும்பும்வரை அசையாமல் நின்றார்கள். இளம் வயதுப் பெண்ணுக்கு விளையாட்டில் எவ்வளவு ஆசை இருக்கும் என்பதை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று நாயகி அவர்கள் பிற்காலத்தில் மக்களிடம் சொன்னதுண்டு. எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்! மனைவி ஒரு செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசித் திரையை நான்கு முறை தள்ளிப் பார்க்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதீனாவின் அடிமைப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து அழைத்தாலும் அவள் விரும்பிய இடத்துக்குப் பெருமானார் உடன் செல்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதும் புகாரியில் உள்ளது.

நிதானம், நிதானம் என்று மிம்பரிலிருந்து சொல்லிவிடுவது எளிது. நான்கு பேருக்கு உணவு கட்டி, கைக்குழந்தையையும் வயதான மாமியாரையும் கவனிக்கும் தாய்க்கு ஸுப்ஹுக்குப் பின் முஸல்லாவில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்றார்கள். இதையும் புகாரியில் காணலாம். ஆகவே பெண்களின் அவசரத்துக்கு மருந்து பெரும்பாலும் ஆண்களின் கையில் இருக்கிறது. தட்டை எடுத்து வைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது ஆகியவற்றில் வாப்பாமார்கள் கைகொடுத்தால், உம்மாவும் எல்லாரோடும் உட்கார்ந்து சூடு ஆறுமுன் உண்ணலாம். வீட்டில் எல்லாரும் உண்டபின் கடைசியாக அடுப்படியில் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பெண்ணிடம், உணவின் நிஃமத்தைச் சிந்தித்து உண் என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கும் அருகதை கிடையாது. எழுத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயினும் மாற்றிச் சொல்வதற்கில்லை.

அப்துல் கைஸ் கூட்டத்தின் தூதுக் குழு மதீனாவுக்கு வந்தபோது, பெருமானாரைக் காணும் ஆவலில் எல்லாரும் வாகனங்களிலிருந்து குதித்து ஓடினார்கள். அஷஜ்ஜு என்று பெயர் பெற்ற முன்திர் (ரலி) அவர்கள் மட்டும் பின்தங்கினார்கள். தம் பையைத் திறந்து நல்லாடையை எடுத்து அணிந்துகொண்டு, அதன் பிறகே வந்து ஸலாம் உரைத்தார்கள். அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் உம்மிடம் இருக்கின்றன, சகிப்பும் நிதானமும் என்று பெருமானார் பாராட்டினார்கள். ஆவலில் அவர் மற்றவர்களுக்குக் குறைந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது.

நிதானத்துக்கும் எல்லை உண்டு. விரைந்து செய்ய வேண்டியவற்றை ஹாத்திமுல் அஸம்மு (ரஹ்) அவர்கள் ஐந்தாக எண்ணியிருக்கிறார்கள்: விருந்தாளிக்கு உணவளிப்பது, மையித்தை அடக்குவது, பருவமடைந்த பெண்ணுக்குத் திருமணம் முடிப்பது, கடனைத் திருப்பிக் கொடுப்பது, பாவத்திலிருந்து தவ்பா செய்வது. நேரம் வந்ததும் நோன்பு திறப்பதில் விரைவு வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் மட்டும் நம்மவர்களுக்கு எங்கிருந்தோ அபாரமான பொறுமை வந்துவிடுகிறது! வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறது. வேலைக்காரருக்குக் கூலியும், வியாபாரிக்குச் சரக்குப் பணமும், மனைவிக்கு மஹரும் பாக்கி வைத்திருப்பவர்கள், கேட்டு வருபவரிடம் இந்தக் கட்டுரையை நீட்டி “கொஞ்சம் நிதானமாயிரும்” என்று சொல்லிவிட வேண்டாம்.